ஆற்றங்கரையில் ஒருவரை இழந்தோம்

1.
இந்தக் கதை நானாகத் தேடிப் போனதல்ல. ஜப்பானில் நீகாத்தா ஊரின் பழைய சிப்பாய்கள் சங்கம் என்னைப் பிடித்து, உலகப் போரில் பர்மாவில் குதிரைகளோடு பொதி சுமந்த தங்கள் படைப்பிரிவின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னது. எல்லாம் எழுதியாயிற்று. ஒரே ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: சிப்பாய் செய்ஜி எப்படிச் செத்தான்?

(சங்கத்தின் விதி: இறந்தவர் வீட்டார் மனம் நோக எதையும் எழுதக் கூடாது. அதனால் குதிரைகள் பட்டினியில் செத்ததைத் தாராளமாக எழுதியிருக்கிறேன். மனிதர்கள் அத்தனை பேருக்கும் வீரமரணம்.)

2.
படை வரலாற்றை மேலிருந்து எழுதலாம். வரைபடத்தில் அம்புக்குறி போடுகிற முறை.

'ஆகஸ்ட் மூன்றாம் தேதி படைப்பிரிவு ஆற்றைக் கடந்தது. ஒருவரை இழந்தோம்.'

நல்ல வாக்கியம். யார் மேலும் பழி விழாது.

[உயிரோடு விட்டுவிட்டு வந்தோம். — இதை எழுதி, அடித்துவிட்டேன்.]

3.
கீழிருந்தும் எழுதலாம், சிப்பாய்களின் வாயால். அதற்காகத்தான் சங்கத் தலைவர் குவாபராவோடு வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு உட்கார்ந்தேன். அன்று செய்ஜிக்கு மேலதிகாரி அவர்தான்.

"காய்ச்சல்ல அவனால எந்திரிக்கவே முடியல, வாத்தியாரே. நடக்க முடியாதவன் தானே முடிச்சுக்க ஒரு கையெறி குண்டு. அதான் உத்தரவு. என் கையாலதான் குடுத்தேன்."

"வெடிச்சுதா?"

"அக்கரையில நின்னு காதக் குடுத்துக் கேட்டேன். சத்தமே வரல." வெந்நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். "செத்த தேதி வேணும்னாங்க. ஆத்தைக் கடந்த நாளையே போட்டேன். இதை எழுதினீங்கன்னா தொமியே அக்கா உசுரு போயிடும். பாத்துக்குங்க."

தொமியே, செய்ஜியின் அக்கா. எனக்குக் குவாபரா மேல் கோபம் கோபமாக வந்தது. அக்கரையில் அவர் காதைக் கொடுத்து நின்றதை நினைத்ததும் அந்தக் கோபமும் நிலைக்க...

4.
இன்று மதியம் சங்கத்தின் ஆண்டு விருந்து. வழக்கம்போல முதல் கிண்ணம் சாக்கே மது இறந்தவர்களின் படத்துக்கு. தொமியே எனக்கு எதிரில் வந்து அமர்ந்தார்.

"குதிரைப் பக்கத்தைப் படிச்சேன், வாத்தியாரே. குதிரைக்கே தீனி இல்லையே, எந்தம்பி என்னத்தைத் தின்னான்?"

குவாபரா குறுக்கே விழுந்தார். "சாப்பிடுங்கக்கா. சூப்பு ஆறுது."

"சூப்பு எங்கயும் ஓடிடாது, தலைவரே." என் பக்கம் திரும்பினார். "காய்ச்சலா கெடந்தான்னு எல்லாரும் சொல்றாங்க. செத்ததைப் பாத்தேன்னு ஒருத்தரும் சொல்லல. வருஷா வருஷம் ஆகஸ்ட் மூணாம் தேதி அவனுக்குச் சோறு வெக்கிறேன். அன்னிக்கு அவன் உசுரோட இருந்தானா? உசுரோட இருந்தவனுக்கா திவசம் குடுத்தேன்? அவன் செத்ததை எழுதின பக்கத்தை வாசிங்க."

5.
முடிவு ஒன்று: 'இழந்தோம்' என்று வாசிக்கிறேன். அவர் தலையாட்டுகிறார். அடுத்த மூன்றாம் தேதியும் சோறு வைக்கிறார்.

முடிவு இரண்டு: அடித்ததை வாசிக்கிறேன். அதன் பிறகு அவர் எந்த நாளில்...

[இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.]

குவாபரா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். தாள் இப்போது உங்கள் கையில். அடித்தது, அடிக்காதது, இரண்டும் அதில் இருக்கின்றன. ஒன்றை வாசியுங்கள். கொஞ்சம் சத்தமாக, தொமியேவுக்குக் காது மந்தம்.