மேப்பு காட்டின வழி

எம் பொண்ணு கோகிலவாணிக்குப் பொறந்ததுலருந்து ரெண்டு காலும் வராது. எட்டாவது வரைக்கும் நான்தான் முதுவுல தூக்கிக்கினு மலையேறி எறங்கிப் பள்ளிக்கூடத்துல விட்டேன். இந்த வருஷம் எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. இனிமே தூக்கினா நீயும் படுத்த படுக்கைதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆட்டோவுக்கு கவர்மென்ட்ல காசு குடுத்தாத்தான் அவளுக்கு ஒன்பதாவது. இல்லனா படிப்பு அவ்ளோதான்.

எழுதிப் போட்டேன். பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு, தர முடியாதுன்னு பதில் வந்துச்சு.

அந்தப் பதில அனுப்பின ஆபீசரு பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்னிக்கு, வலியப் பாக்காம பொண்ணத் தூக்கிக்கினு போய் நின்னேன். அவரு செல்லுல மேப்பக் காட்டினாரு. "பாருங்கம்மா, உங்க வீடு இதோ இங்கதான் இருக்கு."

"அப்படிங்களா சார்? அப்போ உங்க ஜீப்புலயே எங்கள வூட்ல விட்ருங்க. மேப்பு சொல்ற வழியிலயே போலாம். வண்டி எங்க வூட்டாண்ட போய் நின்னுச்சுனா நான் அப்புறம் வாயே தொறக்கல."

மனுசன் ஏத்திக்கினாரு. கொஞ்ச தூரத்துலயே தார் ரோடு முடிஞ்சி போச்சு. அப்புறம் ஓடை, பாறை, செங்குத்தா மேடு. டிரைவர் வண்டிய நிறுத்திட்டு, "இதுக்கு மேல ஆடுதான் சார் போவும்"னாரு.

"வேற ரோடு இல்லையா?"ன்னு ஆபீசர் கேட்டாரு.

"இருக்குது சார். மலைய முழுசா சுத்திக்கினு போவுது. அதுல போவத்தான் ஆட்டோ கேக்குறேன்"னு சொல்லிட்டு, பொண்ண முதுவுல ஏத்திக்கினு நடந்தேன். இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிச்சிது. விடுவேனா நானு? புள்ளையோட பையத் தூக்கிக்கினு அவரும் பின்னாலயே மூச்சு வாங்க வந்தாரு. "சார், அந்தக் கல்லு வழுக்கும், பாத்து வாங்க"ன்னு கோகிலவாணி முதுவுலருந்தே அவருக்கு வழி சொல்லிக்கினு வந்தா. எனக்குச் சிரிப்பு தாங்கல.

வூட்டாண்ட வந்து ஒரு சொம்புத் தண்ணிய முழுசா குடிச்சாரு. அங்கயே நின்னு ஆபீசுக்கு போன் போட்டாரு. "தூரத்த வண்டி போற ரோட்டுலதான் பாக்கணும். இந்த மலையில இதே மாதிரி நாம தள்ளிவிட்ட எல்லாப் புள்ளைங்களுக்கும் சேத்து எழுதுங்க." அப்புறம் என்னைப் பாத்து, "தப்பு எங்களுதும்மா"ன்னாரு. சந்தோசத்துல அழுதுட்டேன்.

மொத மொத ஆட்டோ வந்த அன்னிக்கு ஊரே கூடிடுச்சு. நானும் ஏறிக் குந்தினேன்.

"நீ எதுக்கும்மா? அங்க எறக்கிவிட ஈஸ்வரி டீச்சர் இருக்காங்க. எறங்கு"ன்னா கோகிலவாணி. கொழுப்பப் பாருங்க. திட்டிக்கினே எறங்கினேன்.

வண்டி கெளம்பும்போது திரும்பிப் பாத்துக் கைய ஆட்டினா. மொகமெல்லாம் சிரிப்பு. இத்தினி வருஷமா அவ என் முதுவுலதான இருந்தா. பள்ளிக்கூடம் போறப்ப எம் பொண்ணு மொகம் எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.