மகனைவிட ஐந்து வயது இளையவள்

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் மேக்கப்காரர். சிரித்தால்தான் கன்னத்தில் கோடு எங்கே விழும் என்று தெரியும். விழுகிற இடத்தில் பழுப்புப் பென்சிலால் ஒரு இழுப்பு இழுத்து விரலால் தேய்த்துவிட்டால் இருபது வயது கூடிவிடும். அவள் சிரித்தாள். கோடு விழவில்லை. அவர் ஒரு எட்டுப் பின்னால் போய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, முகமெல்லாம் உப்பின மாதிரி இருக்கு?"

"நேத்து பூரா அழுகை சீன்தானே. அதா இருக்கும்."

மேக்கப்காரருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். டீ கொடுக்கிறவரிலிருந்து டைரக்டர் வரை எல்லோருக்கும் அவள் அம்மாதான். அவளுக்கு வயது முப்பத்து நாலு. சீரியலில் அவள் மகனாக வருகிறவருக்கு முப்பத்தொன்பது. மருமகளின் அக்கா வேஷத்துக்குத்தான் அவள் முதலில் வந்தாள். அன்று அம்மாவாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் இவள் தலையில் வெள்ளையைத் தடவிப் பார்த்தார். மூன்று வருஷம் ஓடிவிட்டது. இந்தத் தொழிலில் ஒரு தடவை தலை நரைத்தால் மறுபடி கறுப்பதில்லை. வேறு இடங்களில் இருந்து ஒன்றிரண்டு பேர் கூப்பிட்டதும் பாட்டி வேஷத்துக்குத்தான். "இது அம்மாவா, தங்கச்சியா?" என்று சீரியல் பார்க்கிறவர்கள் இணையத்தில் கேலி எழுதினார்கள். கேலி செய்துகொண்டே ஒரு நாள் விடாமல் பார்த்தார்கள். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். இரண்டு தடவை தங்காமல் போய், இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு உண்டானது. தளத்தில் இது தெரிந்த ஒரே ஆள் காஸ்ட்யூம் அக்கா. அவள்தான் தினமும் புடவைக்குள்ளே நீளத் துணியைச் சுற்றி வயிற்றை அமுக்கிவிடுவாள். இறுக்கிக் கட்டக் கூடாது, தரையில் மடங்கி உட்காரக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் கிடங்கில் மூட்டை தூக்கிய கணவனுக்கு முதுகு போய் வருஷம் ஒன்றாகிறது. வீட்டில் உலை கொதிப்பது இந்த அம்மா வேஷத்தால்தான். அந்த அம்மாவோ கதைப்படி புருஷனை இழந்து பல வருஷம் ஆனவள். வயிறு தெரிந்தால் கதை சந்தி சிரித்துவிடும்.

"இறுக்கமா இருந்தா வாயத் திறந்து சொல்லு" என்றாள் அக்கா, ஊக்கை வாயில் கவ்வியபடி.

"இருக்கட்டும்க்கா. சாயங்காலம் அவுத்துரலாம்."

அந்த வாரம் கதையில் மருமகள் கர்ப்பம். அக்கா பஞ்சு அடைத்து ஒரு வயிறு தைத்திருந்தாள். மருமகளாக நடித்த பெண் சின்னப் பெண், நல்ல பெண். அந்தப் பஞ்சோடு அவளுக்கு நடக்கவும் வரவில்லை, உட்காரவும் வரவில்லை. சோபாவிலிருந்து எழுந்து மாமியாரிடம் மாத்திரை வாங்க வேண்டும், அவ்வளவுதான் காட்சி. ஒவ்வொரு தடவையும் வாசலில் மணியடித்ததுபோல் துள்ளி எழுந்தாள். டைரக்டர் தலையில் கை வைத்தார்.

"மாசமா இருக்கிறவ இப்படியாம்மா எந்திரிப்பா? ஸ்கூல் விட்ட மாதிரி ஓடறியே. எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் போய்ட்டு வாங்க."

எதிர் சோபாவில் இருந்த அம்மா எழுந்தாள். ஒரு கை சோபாவின் பிடியில் ஊன்றியது, இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால் போனது, கால்கள் சற்று அகன்றன, உடம்பு பின்னால் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. அவள் யோசித்துச் செய்யவில்லை.

"அப்படியே நில்லுங்க" என்றார் டைரக்டர். "பாத்தியாம்மா நீ? இதான். இதத்தான் காலைலேருந்து கரடியாக் கத்திட்டிருக்கேன். அம்மா, இன்னொரு தடவ உக்காந்து எந்திரிங்க, பொண்ணு பாக்கட்டும்."

அவள் உட்கார்ந்து எழுந்தாள். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் செய்தாள். சின்னப் பெண் அவள் கையையும் இடுப்பையும் உற்றுப் பார்த்துப் பழகிக்கொண்டது. கதவருகே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த சீரியல் கம்பெனி மேனேஜரும் பார்த்தார். அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். கடலை தின்பதை நிறுத்திவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியாக அழைத்தார். குரலில் கோபம் இல்லை.

"எத்தன மாசம்மா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அஞ்சு சார்."

"நல்ல விஷயம்தான். ஆனா கதையில உங்க வீட்டுக்காரர் போட்டோவாத் தொங்குறாரே. நான் என்ன பண்றது?" அவர் நெற்றியைத் தேய்த்தார். "இனிமே இவருக்குப் பதில் இவர்னு கீழ ஒரு வரி போட்டுட்டா வேல முடிஞ்சுது. உங்களுக்கும் ரெஸ்ட்."

"போட்டுராதீங்க சார். அவருக்கு இன்னும் குனிய முடியல. என் ஒருத்தி சம்பளம்தான்." அவள் மூச்சு வாங்கினாள். அந்தக் கணத்தில்தான் அது தோன்றியது. "அம்மாவ படுக்கையில போட்டுருங்க சார். மாடிப்படியில விழுந்துட்டா, நெனவு இல்லன்னு வச்சுக்கோங்க. கழுத்து வரைக்கும் போர்வ போத்திட்டா ஒண்ணும் தெரியாது. பொறந்து கொஞ்ச நாள்ல கண்ணு முழிச்சுர்றேன்."

மேனேஜர் டைரக்டரிடம் சொன்னார். டைரக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா கோமாவில், மருமகள் கர்ப்பமாக, மகன் நடுவில். மூன்று மாதத்துக்குக் கவலையே இல்லை.

படியிலிருந்து விழும் காட்சிக்கு, மேலேயிருந்து தலையணையை உருட்டி அதன் நிழலை மட்டும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் கீழே படுத்தால் போதும். ரத்தம் போதாது, கட்டு போதாது என்று டைரக்டர் சொல்லச் சொல்ல, மேக்கப்காரர் தலையையும் தாடையையும் சுற்றி ஒரு கண்ணும் மூக்கும் மட்டும் விட்டுவைத்தார். வயிற்றுக் கட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு நாள் மெத்தையில் படுத்திருந்தாள். நடுவில் உண்மையாகவே தூங்கிக் குறட்டை விட்டதாகச் சவுண்டுக்காரர் கிண்டல் செய்தார். கணவனுக்கும் சந்தோஷம். "வேல பாத்து முதுகு போனவன் நான். படுத்தே சம்பளம் வாங்குறவ நீ" என்று சிரித்தான். அவளுக்கும் பல நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

அதற்கப்புறம் அவளைக் கூட்டிப்போகக் கம்பெனி வண்டி வரவில்லை. கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள். ஒரு வாரம் கழித்து காஸ்ட்யூம் அக்கா போன் செய்தாள். விழுந்த அன்று கட்டியிருந்த பச்சைப் புடவை கண்டினியூட்டிக்கு வேண்டுமாம், முன்பு எடுத்ததோடு ஒத்துப்போக வேண்டுமாம், எடுத்து வா என்றாள். அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட்டாள். அது அவள் சொந்தப் புடவை. வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

கட்டிலில் ஆள் இருந்தது. கூட்டக் காட்சிகளுக்கு வருகிற கிழவி. அறுபத்தைந்து வயதாவது இருக்கும். முகத்தில் அதே கட்டு, அதே ஒற்றைக் கண்.

மேனேஜர் அவளை ஓரமாகக் கூட்டிப் போனார். "படுத்திருக்கிறதுக்கு முழுச் சம்பளமான்னு மேல கேக்கிறாங்கம்மா. முகமும் தெரியல, பேச்சும் இல்ல. இந்தம்மா கூட்டத்துச் சம்பளத்துக்கே வர்றாங்க. குழந்த பொறக்கட்டும், பேசிக்கலாம்."

"படுக்க வைக்கலாம்னு நான்தானே சார் சொன்னேன்."

"அதான்மா. பிரமாதமான யோசனைன்னு டைரக்டரே சொல்றார்."

அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் புடவையை வாங்கிக்கொண்டு போய்க் கிழவிக்குச் சுற்றிவிட்டாள். முந்தானையைப் போர்வைக்கு வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டாள். மகன் வந்து கட்டிலருகே உட்கார்ந்து ஒத்திகைக்காகக் கிழவியின் கையைத் தூக்கினார். காய்த்துப்போன, நரம்பு புடைத்த கை.

"டைரக்டர் சார், இப்பத்தான் சார் அம்மா கையப் பிடிச்ச மாதிரியே இருக்கு" என்றார். அவர் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அவள் அங்கே நிற்பதை அவர் பார்க்கவும் இல்லை.

அவள் வெளியே போகத் திரும்புவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். டேக் முடியும் வரை யாரும் அசையக் கூடாது. சத்தம் வரும் என்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். மருமகளின் பஞ்சு வயிறு வேர்க்கிறது என்று ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், இன்னொருவர் அட்டையால் விசிறினார். அந்தப் பெண் கூச்சத்தோடு உட்கார்ந்தது.

"யாருங்க அது சுவரோரமா?" லைட்காரர் அடிக்குரலில் கேட்டார். "வயித்து நிழல் கட்டில்ல விழுது. கீழ உக்காருங்க."

கட்டிலருகே மகன் "அம்மா, என்னப் பாரும்மா" என்று அழ ஆரம்பித்திருந்தார். அவள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வயர்களை ஒதுக்கி, மடங்கித் தரையில் உட்கார்ந்தாள்.