ஒலிம்பியாவின் முதல் வழக்கு

கக்கத்தில் உயிருள்ள கோழியோடு வாசலில் வந்து நின்ற சாஃப்தா, வக்கீலய்யா எப்போது வருவார் என்று கேட்டாள். ஒலிம்பியாவுக்கு இது புதிதில்லை. மோல்தாவியாவின் அந்தச் சிறுநகரத்தில் வக்கீலின் கறுப்பு அங்கி போட அனுமதி வாங்கிய முதல் பெண் அவள். பலகை மாட்டி ஐந்து மாதமாகியும் ஒரு வழக்குகூட வரவில்லை. வந்தவர்களெல்லாம் அவளை வக்கீலின் மனைவி என்று நினைத்தார்கள். உண்மை தெரிந்ததும் நடையைக் கட்டினார்கள். இவளையும் விட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். ஆகவே உட்காரச் சொல்லிவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

வக்கீல் பெண்டாட்டியிடம் பேச என்ன கூச்சம்? சாஃப்தா கொட்டித் தீர்த்தாள். புருஷன் போர்முனைக்குப் போனவன், அங்கேயே செத்துப்போனான். பிள்ளை தன் அண்ணனுக்குப் பிறந்தவனே இல்லை என்று சொல்லி, கொழுந்தன் கவ்ரில் வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறான். நான்கு நாளில் விசாரணை. பேச்சோடு பேச்சாக, பிள்ளைக்கு ஒரு வயதில் முதல் முடி வெட்டிய விருந்தையும் சொன்னாள். ஞானத்தாய் கத்தரியை எடுத்தபோது பிள்ளை யார் மடியில் இருந்தான் என்பதையும் சொன்னாள்.

இதைக் கோர்ட்டில் சொல்லலாமே என்றாள் ஒலிம்பியா.

“பொம்பளைங்க சமாச்சாரத்தைப் போயி வக்கீலய்யாகிட்ட சொல்லுவாங்களாம்மா?”

“சொல்லிட்டீங்க. வக்கீல் நான்தான்.”

சாஃப்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. இதற்காகவா இத்தனை தூரம் நடந்து வந்தேன் என்று முனகிக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பினாள். ஊரிலுள்ள மற்ற இரண்டு வக்கீல்களையும் கவ்ரில் வளைத்துப் போட்டிருந்தான். வேறு வழியில்லாமல் கோழியை நீட்டினாள்.

விசாரணையன்று கவ்ரில் சுவிசேஷப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். அவன் வக்கீல்கள் இருவரும் ஒலிம்பியாவின் அங்கியைப் பார்த்து, இன்று அவள் வீட்டில் யார் சமையல் என்று கிசுகிசுத்துச் சிரித்தார்கள். கேள்வி உண்டா என்று நீதிபதி அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு. பிள்ளைக்கு மொத முடி வெட்டினப்போ, அவன் யார் மடியில இருந்தான்?”

இதென்ன அடுப்படிக் கேள்வி என்று எதிர்வக்கீல் துள்ளி எழுந்தார். ஆனால் நீதிபதியும் அந்த ஊர்ப்பக்கத்துக்காரர்தான். முதல் முடி வெட்டும்போது, அப்பன் இல்லாத இடத்தில் அப்பனின் ரத்த உறவுதான் மடி கொடுக்கும் என்ற வழக்கம் அவருக்கும் தெரியும். வக்கீலை உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார்.

“பதில் சொல்லுய்யா,” என்றார்.

பல்கலைக்கழகத்தில் தான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி இது என்று நினைத்தபோது ஒலிம்பியாவுக்குப் பெருமை பொங்கியது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

கவ்ரில் புத்தகத்தைப் பார்த்தான், சாஃப்தாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

“என் மடியிலதான். திமிறிக்கிட்டே இருந்தான். கத்தரி பட்டுடுமோன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.”

சொல்லும்போதே அவன் கைகள் நெஞ்சோடு வளைந்தன. சொல்லி முடித்தும் அவற்றை இறக்க மறந்து, வெறும் கைகளை அணைத்தபடி கூண்டில் நின்றான்.