மச்சானைக் கிண்டல் செய்யக் கூடாது

சாலையே இல்லாத எங்கள் தெலாபிப் மலைக் கிராமத்தில் ஆறு வருஷமாக மருந்தகம் பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் "ஒரு எட்டு ஊருக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று விமானம் ஏறினார். போனார், அவ்வளவுதான். ஆகவே என் தங்கை டோர்காஸ் கடற்கரை நகரத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, சுகாதாரப் பணியாளராகவே திரும்பி வருகிறாள் என்று ரேடியோவில் சேதி வந்தபோது, ஊரே மலையிறங்கி ஓடுபாதைக்கு வந்துவிட்டது.

ரேடியோவைப் பார்த்துக்கொள்கிறவன் நான்தான். விமானம் கிளம்புவதற்கு முன்னால் விமானி என்னிடம்தான் வானிலை கேட்பார். "வானம் சுத்தம், ஓடுபாதை காய்ஞ்சிருக்கு" என்பேன். அடை மழையிலும் அதையேதான் சொல்வேன். மேகம் என்று உண்மையைச் சொன்னால் விமானம் வராது. அப்புறம் உப்புக்கும் சோப்புக்கும் எங்கே போவது? பாதி வழி வந்து திரும்பிப் போன விமானிகள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கு வானம் உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. விமானக் கதவு திறந்ததும் முதலில் மருந்துப் பெட்டிகள் இறங்கின. பிறகு டோர்காஸ் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் இறங்கினார். அவர் தோளில் மீன் வலை தொங்கியது.

"அண்ணே, இவருதான் என் வீட்டுக்காரரு" என்றாள் டோர்காஸ்.

அவர் பெயர் கிசோகாவ், மானுஸ் தீவுக்காரர். மச்சான் பெயரை வாயால் சொல்வது எங்களில் வழக்கமில்லை. எழுதினால் தப்பில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

என் அப்பாவின் தங்கை யூனிஸ் அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஊரிலேயே கூர்மையான பொருள் அவள் நாக்குதான், கோடாரியெல்லாம் அதற்கு அப்புறம்.

"வலைய எதுக்குடி தூக்கிட்டு வந்திருக்காரு? மேகம் புடிக்கவா?" என்றாள் எங்கள் பாஷையில்.

ஓடுபாதையிலிருந்து ஊருக்கு ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டும். மச்சானோடு ஏறியதில் நாலு மணி நேரம் ஆனது. பதினொரு தடவை விழுந்தார். ஆற்றின் குறுக்கே கிடக்கும் ஒற்றை மரப் பாலத்தில், உட்கார்ந்து, கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே நகர்ந்து வந்தார்.

"டோர்காஸு, அவரு பாலத்தக் கடக்கல, கட்டிக்கிட்டாரு. உனக்குச் சக்களத்தி வந்தாச்சு!" என்றாள் அத்தை.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "என்ன சொல்றாங்க?" என்று அவர் கேட்டார். "நல்லா நடக்கறீங்களாம்" என்றாள் டோர்காஸ்.

மறுநாள் காலை அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, மூணு மாசம் இருந்து பாப்போம்னு சொல்லியிருக்காரு. புடிக்கலைன்னா அவங்க தீவுக்குப் போயிடணும்னு பேச்சு. அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு, எனக்கு வேல கெடைக்கும்."

நான் மருந்தகத்தைத் திரும்பிப் பார்த்தேன். திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் வாசலில் இருபது பேர்.

விஷயத்தை எங்கள் ஊர் கவுன்சிலர் வெசானியின் காதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் எல்லாரையும் நிறுத்தினார். "இனிமே மாப்பிள்ளையப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது, கிண்டல் பேசக் கூடாது. மீறினா ஒரு நாள் முழுக்க ஓடுபாதையில புல்லு வெட்டணும்."

"அவரு விழுந்தா என்ன செய்யறது?" என்று கேட்டாள் அத்தை.

"வானத்தப் பாரு."

அன்றிலிருந்து எங்கள் ஊரில் எல்லாருக்கும் வானத்தின் மேல் அப்படி ஓர் ஆசை வந்துவிட்டது. மச்சான் சேற்றில் சறுக்குவார், நாங்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து நிற்போம். அவர் சேம்பங்கிழங்கைத் தலைகீழாக நட்டார். "அருமை மச்சான்" என்றேன். பொழுது சாயும் முன் நானே போய் எல்லாவற்றையும் திருப்பி நட்டேன். அவர் கட்டிய வேலிக்குள் பன்றிகள் அலுங்காமல் போய் வந்தன. "காத்தோட்டமா இருக்கு" என்றார் கவுன்சிலர். எங்கள் ஊரின் உச்ச மரியாதை டின் மீன். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவருக்கு வாரம் தவறாமல் டின் மீன் திறந்து வைத்தோம். சொந்தக்காரர் சவத்தைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

வந்தபோது வாய் ஓயாமல் பேசிய மனிதர் நாளுக்கு நாள் அடங்கிப்போனார். யூனிஸ் அத்தையோ பேச முடியாமல் இளைத்துவிட்டாள். மூன்றாம் மாதக் கடைசியில் மச்சான் என்னிடம் வந்தார்.

"மச்சான், அடுத்த விமானத்துல ரெண்டு எடம் சொல்லிடுங்க."

டோர்காஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இடம் சொன்னேன். வேறென்ன செய்வது?

விமானம் வரும் நாள் காலை எழுந்து பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பாழாய்ப்போன வானம், இத்தனை வருஷம் கழுத்தறுத்துவிட்டு அன்றைக்குப் பார்த்துப் பளபளவென்று இருந்தது. ஓடுபாதை ஓரத்துக் கொட்டகையில் ரேடியோ கரகரத்தது.

"தெலாபிப், வானிலை எப்படி?"

என் வாய் தானாகச் சொன்னது. "மேகம். முழுக்க மேகம். ஒண்ணுமே தெரியல."

"யாரு பேசறது?"

"தெலாபிப்தான்."

"பதினோரு வருஷத்துல உங்க வாயிலருந்து மேகம்னு நான் கேட்டதே இல்லையே! அப்ப நெலம படுமோசமாத்தான் இருக்கும். நான் வரல."

ரேடியோவை வைத்துவிட்டுத் திரும்பினேன். மச்சான் மூட்டையும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க மச்சான் மேகம்?"

நான் தேடிப் பிடித்து மலைப்பக்கம் கை காட்டினேன்.

"அது யூனிஸ் அத்த வீட்டு அடுப்புப் புகை."

இனி மறைத்துப் பயனில்லை. "நீங்க போகக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

அவர் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "என்ன யாருக்கும் புடிக்கலைன்னுல்ல நெனச்சேன்! எங்க தீவுல மச்சான் மொறைக்காரன் விழுந்தா மூணு வீட்டுக்குக் கேக்கற மாதிரி சிரிப்போம். இங்க நான் விழுந்து எந்திரிச்சுப் பாத்தா எல்லாரும் வானத்தப் பாத்துட்டு நிக்கறீங்க. பொணம் மாதிரி திரிஞ்சேன் மச்சான், மூணு மாசம்."

நான் கவுன்சிலர் போட்ட உத்தரவைச் சொன்னேன். புல் வெட்டும் தண்டனையையும் சொன்னேன். சேம்பங்கிழங்கு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அதற்குள் டோர்காஸ் மூச்சிரைக்க வந்துவிட்டாள். விமானம் ஏன் வரவில்லை என்று தெரிந்ததும் என் மேல் பாய்ந்தாள்.

"மருந்து வர்ற விமானத்தையா அண்ணே திருப்பி அனுப்புன? மலேரியா மாத்திர தீந்துபோச்சு. இப்ப உன் மண்டைய ஒடச்சா தைக்கக்கூட நூல் இல்ல. கூப்பிடு, உண்மையச் சொல்லு!"

எனக்குக் கூச்சமாக இருந்தது. மச்சான் எழுந்து வந்து ஒலிவாங்கியை வாங்கினார். வெளியே எட்டி, கடல்காரன் பார்க்கிற மாதிரி நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

"தெலாபிப் பேசறேன். மேல சுத்தம். கெழக்குக் கணவாய்க்குப் பின்னால வெள்ள மேகம் ஏறுது, பத்து மணிக்குள்ள மூடிடும். காத்து வடக்கால, மெதுவா. ஓடுபாதை கீழ்முனையில ஈரம், மேல்பக்கமா எறங்குங்க."

"நீங்க யாரு?" என்று கேட்டார் விமானி.

மச்சான் டோர்காஸைப் பார்த்தார். "இந்த ஊரு மாப்பிள்ள" என்றார்.

நாற்பது நிமிஷத்தில் விமானம் வந்தது. மருந்துப் பெட்டிகளை இறக்கியதும், "ரெண்டு பேரு ஏறணுமே?" என்று விமானி கேட்டார். வழியனுப்ப வந்த கூட்டம் மச்சானையே பார்த்தது. டோர்காஸ் பெட்டிக்குள் தலையை விட்டு நூலைத் தேடிக்கொண்டிருந்தாள்; நிமிரவே இல்லை.

மச்சான் நேராக யூனிஸ் அத்தையிடம் போனார். "அத்த, நான் வந்த அன்னிக்குப் பாலத்துல என்னவோ சொன்னீங்களே. எனக்குப் புரியற மாதிரி இப்பச் சொல்லுங்க."

அத்தை கவுன்சிலரைப் பார்த்தாள். கவுன்சிலர் வானத்தைப் பார்த்தார். மூன்று மாதமாக அடைத்து வைத்ததெல்லாம் அத்தைக்கு உடைத்துக்கொண்டு வந்தது. பாலத்துச் சக்களத்தியில் ஆரம்பித்து, வேலி வரைக்கும், சேம்பங்கிழங்கு உட்பட, ஒன்று விடாமல், எல்லாருக்கும் பொதுவான பிட்ஜின் பாஷையில் கொட்டித் தீர்த்தாள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், என்னமோ ஏதோ என்று விமானி கீழே இறங்கி வந்துவிட்டார்.

இரண்டு இருக்கைகளும் காலியாகவே திரும்பிப் போயின.

இப்போது நாலு வருஷம் ஆகிறது. ரேடியோ மச்சான் கைக்குப் போய்விட்டது. அவர் மேகம் என்றால் மேகம்தான், சுத்தம் என்றால் சுத்தம்தான். விமானிகள் நம்பி வருகிறார்கள். வருஷத்துக்கு நாலு தடவை எட்டிப் பார்த்த விமானம் மாதம் தவறுவதில்லை. பொய் வானிலை சொன்னதற்காக ஓடுபாதையில் புல் வெட்டும் வேலையைக் கவுன்சிலர் எனக்கு நிரந்தரமாகக் கொடுத்திருக்கிறார்.

போன மாதம் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் ரேடியோவில் கூப்பிட்டார்கள். "உங்க மாப்பிள்ளைய ஒரு தடவ இங்க அனுப்புங்களேன். எங்க ஆளுங்களுக்கும் வானம் பாக்கச் சொல்லிக் குடுக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூனிஸ் அத்தை ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"அதுக்கென்ன, இன்னிக்கே கெளப்பி விடறோம். நடந்துதான் வருவாரு. அடுத்த கிறிஸ்மஸுக்குள்ள வந்து சேந்துடுவாரு, விருந்துக்கு இப்பவே அடுப்ப மூட்டிடாதீங்க."