அக்சே யார் வீட்டுச் சொல்?

அனகாவின் கல்யாணம் ஒரு துருக்கிக் காசில் மாட்டிக்கொண்டது.

காசைக் கொண்டுவந்தவர் வருங்கால மாமனார் பசவராஜ். இஸ்தான்புல்லுக்குச் சுற்றுலா போனவர், சுல்தான் காலத்து வெள்ளிக் காசு என்று நகத்தளவில் ஒன்று வாங்கி வந்திருந்தார். யாதவகிரியில், அனகா வீட்டுக் கூடத்தில், நிச்சயதாம்பூலத் தட்டு மாற்றவேண்டிய நேரத்தில், அதை அனகாவின் உள்ளங்கையில் வைத்து, "இதுக்குப் பேரு அக்சேம்மா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம கன்னடத்து அக்கசாலிதான் அது. நகை செய்யற தட்டான்னு அர்த்தம். இங்கேருந்துதான் துருக்கிக்குப் போயிருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அனகாவின் அப்பா கணபதிராமன் ரயில்வேயில் ஓய்வு பெற்ற மறுநாளே தமிழைக் காப்பாற்றும் வேலையில் சேர்ந்தவர். சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

"மன்னிக்கணும் பசவராஜ் சார். அக்கசாலை சுத்தத் தமிழ். நாணயம் அடிக்கிற இடம். உங்க அக்கசாலியே எங்ககிட்டே வாங்கினதுதான்."

"இல்லாரீ! நீங்கதான் எங்ககிட்டே வாங்கினீங்க. நான் எல்லையோரக் கொள்ளேகாலத்துக்காரன் சார், ரெண்டு பாஷையும் தெரியும்."

காவிரிப் பேச்சை மட்டும் எடுக்கவே கூடாது என்று இரண்டு வீட்டிலும் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். துருக்கியைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை.

"இது தீர்ந்தப்புறம் தட்டு மாத்தலாம்" என்று பசவராஜ் எழுந்தே விட்டார். அனகாவின் அம்மா லலிதாம்பாள் தாம்பூலத் தட்டோடு நின்றபடியே நின்றாள். மாப்பிள்ளை பிரசாந்த் வீரமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கத் தான் பட்ட பாடெல்லாம் வீணாகிறதே என்று அனகாவுக்கு அழுகை முட்டியது.

அவளோடு வேலை பார்க்கும் எலிஃப், நிச்சயதார்த்தம் பார்க்க இஸ்தான்புல்லிலிருந்து வீடியோவில் காத்திருந்தாள். அனகா போனை எடுத்து விஷயத்தைக் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னாள்.

"துருக்கிச் சொல்லேதானாம். 'அக்'னா வெள்ளை. வெள்ளிக்காசு வெளுப்பா இருந்ததாலே அக்சே. குட்டி வெள்ளைன்னு அர்த்தமாம்."

இரண்டு அப்பாக்களும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு அவ பாஷையே தெரியலை" என்றார் கணபதிராமன்.

"அதேதான் சார்! வெள்ளையாம், வெள்ளை! அங்கேயே பொறந்து வளர்ந்தாப் போதுமா?" பசவராஜ் மறுபடி உட்கார்ந்தார்.

"ஆராய்ச்சின்னு ஒண்ணு வேண்டாமா? நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி அவங்களுக்குப் புரியவைக்கணும், சம்பந்தி" என்றார் கணபதிராமன்.

'சம்பந்தி' என்ற சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் லலிதாம்பாள் தட்டை அவர் கையில் திணித்தாள். தட்டு மாறியது.

எலிஃப் இன்னும் போனில் இருந்தாள். கடைசியில் ஜெயித்தது தமிழா, கன்னடமா என்று கேட்டாள்.

"அது தெரியலை" என்றாள் அனகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க தோத்துட்டீங்க. எனக்குக் கல்யாணம்."