நாலாவது கதிரை

இராசலிங்கம் நிதானத்தைக் கற்றுக்கொண்டது இத்தாலியில், ஓடும் பேருந்தில். ஐந்து நாள் சுற்றுலாவில் ஒன்பது ஊர். ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பியதும் வீட்டுக்குச் சட்டம் போட்டார். சாப்பாடு ஒவ்வொரு தட்டாக வரவேண்டும். நடுவே ஆறுதலாகக் கதைக்கவேண்டும். எல்லாரும் முடிக்கும்வரை ஒருவரும் மேசையை விட்டு எழும்பக்கூடாது.

சமைப்பவள் எப்போது சாப்பிட அமர்வாள் என்று சட்டம் சொல்லவில்லை. முன்பு எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரிமாறிவிட்டு ஆறியதைச் சாப்பிட்ட அவர் மனைவி கமலநாயகி, இப்போது நாலு தடவை ஓடிப் பரிமாறிவிட்டு அதே ஆறியதைச் சாப்பிட்டாள்.

அந்த ஞாயிறு, இராசலிங்கம் தலைவராக இருக்கும் சங்கத்தின் செயலாளர் பிரவீணனும் மனைவி சயந்தினியும் விருந்துக்கு வந்திருந்தார்கள். மேசையைச் சுற்றி மூன்று கதிரைகள். கமலநாயகி சூப்பை வைத்தாள். பிறகு குசினியிலிருந்து நாலாவது கதிரையை இழுத்துவந்து போட்டு, தனக்கும் ஊற்றிக்கொண்டு அதில் அமர்ந்தாள்.

"இத்தாலியில நேரம் மனுசனைத் துரத்தாது, தம்பி," என்றார் இராசலிங்கம். "மனுசன் நேரத்தை ருசிப்பான்."

பிரவீணன் தலையாட்டினார். பசியில் அவருக்கு எல்லாமே சரியாகப் பட்டது.

மூன்று கிண்ணங்கள் காலியாகின.

"இஞ்சாரும், இடியப்பத்தைக் கொண்டு வாரும்."

"நான் இன்னும் முடிக்கேல்லை." கமலநாயகி ஒரு கரண்டி எடுத்து ஊதினாள். ஊதிக் குடிக்கும் சூட்டில் அவளுக்குச் சூப் கிடைத்து எத்தனையோ வருடம்.

"பிறகு குடிக்கலாம்தானே?"

"எழும்பக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது விருந்தாளியளுக்கு."

"அப்ப இண்டைக்கு நானும் விருந்தாளி."

"ஆறுதலாக் குடியுங்கோ அக்கா," என்றாள் சயந்தினி. "எனக்கும் இன்னும் கொஞ்சம் கிடக்கு." வெறுங்கிண்ணத்தைக் கரண்டியால் சுரண்டத் தொடங்கினாள்.

குசினியிலிருந்து கருகல் மணம் வந்தது.

"இஞ்சாரும், கோழி அடிப்பிடிக்குது."

"ஓம், மணக்குது." இன்னொரு கரண்டி. "இத்தாலியில இதையும் ருசிப்பினமோ?"

பிரவீணன் யன்னலைப் பார்த்தார். இராசலிங்கம் எழும்பினார். பொதுக்கூட்டத்தில் மேடைக்குப் போகும் அதே நடையில் குசினிக்குப் போனார். சட்டியை இறக்கும் சத்தமும், பிறகு அலுமாரிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தமும் கேட்டன.

"சம்பல் எங்க கிடக்கு?"

"தேடுங்கோ. அவசரமில்லை."

கடைசியில் இடியப்பம் வந்தது, ஆவி பறக்க. தட்டு வழக்கம்போலப் பிரவீணன் பக்கம் திரும்பியது.

"இஞ்சால," என்று கமலநாயகி தன் சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் நகர்த்தினாள்.