நாலு நிமிடக் குழாய்ச் சத்தம்

நாற்பது வருடத்துக்கு முந்தைய படம் மறுபடி தியேட்டருக்குப் போகிறது. அண்ணன் டைரக்டர், தங்கை எடிட்டர். இன்று மாலைக்குள் கடைசி நகலைக் கொடுத்தாக வேண்டும். அண்ணனோ இன்னும் ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து படத்துக்கு வயதைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க பார்க்கணும்ல? அந்தக் கடித சீனுக்கு அடியில மியூசிக் ஓடட்டும்."

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி வரமாட்டேன் என்று கணவன் எழுதிய கடிதத்தை ஈரக் கையோடு பிரித்து, படித்து, மடித்து வைத்துவிட்டு, மிச்சப் பாத்திரத்தைக் கழுவுகிற பெண். நாலு நிமிடம். குழாய்ச் சத்தம் மட்டும். படம் எடுத்த அன்றைக்கே அண்ணனோடு சண்டை போட்டுத் தங்கை காப்பாற்றி வைத்த சீன். படத்தில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

"அண்ணா, அன்னிக்கு ஊரே கேமராவ முன்னும் பின்னும் இழுக்குதுன்னு நீயும் இழுத்தியே, இப்பப் பார்த்தா தலை சுத்துது. கலர் கலரா விளக்கு போட்டு எடுத்த பாட்டு? போன வாரம் உன் பேத்தியே விழுந்து விழுந்து சிரிச்சா."

"அது அப்போ புதுசு."

"அதைத்தான் சொல்றேன். புதுசுன்னு ஒட்டினதெல்லாம்தான் முதல்ல உரிஞ்சு வந்திருக்கு. இப்ப மறுபடியும் ஒட்டுறே."

"நீ எப்பவும் வெட்டுற கட்சி."

"நீ அடைக்கிற கட்சி. எங்கேயாவது கொஞ்சம் இடம் காலியா இருந்தா உனக்குத் தூக்கம் வராது."

ஒலிப்பதிவாளர் இரண்டு பேரையும் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "புது மியூசிக் ஏற நாலஞ்சு நிமிஷம் ஆகும் சார். அதுவரைக்கும் பழையதே ஓடட்டுமா?"

ஓடியது. குழாயில் தண்ணீர் விழுந்தது. அந்தப் பெண் கடிதத்தைப் பிரித்தாள். டீ கிளாஸை வாய்வரை கொண்டுபோன அண்ணன் அப்படியே நிறுத்திவிட்டார். உடம்பு முன்னால் சாய்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அவசரமாக மறுபடி மாட்டிக்கொண்டார். தங்கை திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது புரிந்ததே.

கடைசித் தட்டும் கழுவி முடிந்தது.

"பார்த்தீங்களா?" அண்ணன் ஒலிப்பதிவாளரிடம் திரும்பினார். "வெறுமனே ஓடும்போதே இப்படி இருக்கு. மியூசிக்கும் சேர்ந்தா எங்கேயோ போயிடும். ஏறிடுச்சா? போடுங்க."

தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "டைட்டில்ல எடிட்டிங்னு என் பேர் வருதுல்ல சார், அதை எடுத்துடுங்க."

"உடனே கோவிச்சுக்குவா," என்றார் அண்ணன். "சரி வா, உனக்காக மியூசிக் சத்தத்தைப் பாதியாக் குறைச்சுக்கலாம்."

அவள் கதவைத் திறப்பதற்குள் வயலின் ஆரம்பித்துவிட்டது.